தங்க விட்டதாலதான் பினாங்கு பினாங்கா இருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் கடிதம் பகுதியில ஒரு வாசகர் நம்ம பினாங்கு ஜார்ஜ்டவுன்ல இருக்கிற லிட்டில் இந்தியா பத்தி எழுதியிருந்தார். ஞாயித்துக்கிழமை மார்க்கெட் ஸ்திரீட் பக்கம் போனா தமிழ் சத்தமே காதுல விழல, எங்க பாத்தாலும் பங்களாதேஷ் பசங்க, பர்மாக்காரங்க, நேப்பாளிங்க, நம்ம தாத்தா பாட்டி உண்டாக்கின கடைத்தெரு நம்ம கைய விட்டுப் போயிட்டிருக்குனு. அவர் வருத்தம் புரியுது, நானும் அதே தெருவுல தீபாவளிக்கு துணி எடுக்கிறவன்தான். ஆனா அவர் சொன்ன கதை பாதிதான், மீதிய யாராவது சொல்லணுமேனு எழுதறேன். நீளமா இருந்தா வெட்டிக்குங்க.

முதல்ல, கடைத்தெருவ உண்டாக்கினவங்க யாரு? 1786ல கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஃபிரான்சிஸ் லைட் இந்தத் தீவுல வந்து கொடி ஏத்தறதுக்கு முன்னாடியே எதிர்ல இருக்கிற கெடா கரையில சூலியாங்கற தமிழ் முஸ்லிம்கள் வியாபாரம் பண்ணிட்டிருந்தாங்க, கொடி ஏறினதும் இந்தப் பக்கம் வந்துட்டாங்க. லைட் செத்துப்போன வருஷம் 1794, அந்த வருஷம் அவர் கல்கத்தாவுக்கு எழுதின அறிக்கையில சொல்றார், சூலியாக்கள் இங்க ஆயிரம் பேர் கிட்ட இருக்காங்க, அது இல்லாம வருஷா வருஷம் சோழமண்டலக் கரை கப்பல்ங்க 1,300லேர்ந்து 2,000 பேர் வரைக்கும் கொண்டாந்து இறக்குது, அவங்க வியாபாரமோ கூலி வேலையோ பாத்து கொஞ்சம் காசு சேர்த்துட்டு திரும்பிப் போறாங்க, அடுத்த கப்பல்ல வேற ஆளுங்க வராங்கனு. இதப் படிச்சிட்டு அந்த வாசகரோட கடிதத்த ஒரு தடவ திருப்பிப் படிங்க. கப்பலுக்கு பதிலா விமானம், லைட்டுக்கு பதிலா ஏஜென்ட், அவ்வளவுதான் வித்தியாசம். நம்மாளுங்க யாரும் வேர் ஊனணும்னு முடிவு பண்ணிட்டு வரல சார், சம்பாதிச்சிட்டு ஊருக்குப் போகத்தான் வந்தாங்க.

ஆனா போகணும்னு நினைச்சவன் போனான், தங்கணும்னு நினைச்சவன் தங்கினான், யாரும் நாள் கணக்கு பாத்து கப்பல்ல ஏத்தல. எல்லா கதையும் இங்கதான் ஆரம்பிக்குது. தங்கினவங்க மலாய்ப் பொண்ணுங்கள கட்டினாங்க, அந்தப் பிள்ளைங்கதான் பிற்பாடு ஜாவி பெரனாக்கான்னு தனி சமூகமாச்சு. காதர் மொஹிதீன் சூலியாக்களுக்கு கப்பித்தானா, அதாவது தலைவரா, இருந்து 1801ல கம்பெனி குடுத்த நிலத்துல பள்ளிவாசல் கட்டினார், அதான் கப்பித்தான் கெலிங் மசூதி. துறைமுகத்துல படகுக்காரங்களும் மூட்டை தூக்கறவங்களும் கும்பிட்ட அம்மனுக்கு குயின் ஸ்திரீட்ல 1833ல கோயில் எழும்பிச்சு. இன்னொரு கூட்டம் இருக்கு, நம்ம சங்கத்துக்காரங்க மேடையில பேச மாட்டாங்க, கம்பெனி இந்தியாவுலேர்ந்து கொண்டாந்த கைதிங்க. ஆரம்பகால ரோடு போட்டதுல, சதுப்பு நெலத்த மேடாக்கினதுல பெரும்பங்கு அவங்களுக்கு, தண்டனை முடிஞ்சு ஊருக்குப் போகாம இங்கயே கலந்து போனவங்களும் உண்டு.

இப்ப டூரிஸ்ட் நோட்டீஸ்ல கப்பித்தான் கெலிங் மசூதி இருக்கிற ரோட்ட நல்லிணக்க வீதினு போடறாங்க, ஒரே தெருவுல சர்ச், சீனவங்களோட குவான் இம் கோயில், பள்ளிவாசல், பக்கத்துல மாரியம்மன், 2008ல யுனெஸ்கோ கூட ஜார்ஜ்டவுன உலக பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்துச்சு. எனக்கும் பெருமைதான். ஆனா எல்லாரும் கை கோத்துட்டு சிரிச்சிட்டே வாழ்ந்தாங்கனு யாரும் நினைக்காதீங்க, 1867 ஆகஸ்ட்ல இந்தத் தெருங்கள்ல பெரிய கலவரமே நடந்துச்சு. அதுல வேடிக்கை என்னன்னா சீனன் ஒரு பக்கம் மத்தவன் ஒரு பக்கம்னு இல்ல. கீ ஹின்னு ஒரு சீன ரகசியக் கூட்டத்தோட வெள்ளைக்கொடிக்காரங்க, தோ பே கொங் கூட்டத்தோட சிவப்புக்கொடிக்காரங்க, ரெண்டு கொடிக்குக் கீழயும் மலாய்க்காரங்களும் இந்திய முஸ்லிம்களும் இருந்தாங்க. சண்டையக்கூட கலந்துதான் போட்டிருக்காங்க! ஒரே தெருவுல தலைமுறையா குடியிருந்தா நட்பு மட்டுமில்ல பகையும் இனம் தாண்டித்தான் போகும்.

அடுத்த அலை ரப்பர். இது நம்ம எல்லார் வீட்டுக் கதை, ரொம்ப சொல்ல வேண்டியதில்ல. 1910ல ஒப்பந்தக் கூலி முறைய நிறுத்தினாங்க, கங்காணி ஆள் பிடிக்கறது அதுக்கு அப்புறமும் ஓடுச்சு, நாகப்பட்டினத்துலயும் மெட்ராஸ்லயும் ஏறினவங்கள பினாங்கு பக்கத்துல இருக்கிற ஜெரெஜாக் தீவு கேம்ப்ல நோய் பாத்து தோட்டத்துக்கு அனுப்பினாங்க, 1938ல இந்திய அரசாங்கம் உதவி குடுத்து கூலிங்கள அனுப்பறத தடுத்துச்சு. காசு குடுத்து ரஜூலா கப்பல்ல வந்து போனவங்க எழுபதுகள் வரைக்கும் இருந்தாங்க. எங்க தாத்தா தோட்டத்து லயத்துல, அதாவது கூலிங்களுக்கு கட்டின வரிசை வீட்டுல இருந்தவர், அப்பா ஹார்பர்ல. நான் சம்பளம் வாங்கினது பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை ஃபேக்டரியில.

அந்த ஃபேக்டரிங்கள்தான் அடுத்த அலைக்கு வாசல். 1972ல அந்த தொழிற்பேட்டைய திறந்தப்ப லைன்ல நின்னதுல பெரும்பாலும் கம்போங்ங்கற கிராமத்து மலாய்ப் பொண்ணுங்க, தோட்டத்துப் பொண்ணுங்களும் கொஞ்சம். இன்னிக்கு அதே லைன்ல நேப்பாளி, பங்களா, இந்தோனேசியாக்காரங்க, பர்மாக்காரங்க. நம்ம பிள்ளைங்க அந்த ஷிப்ட்டுக்கு போக மாட்டேங்குது, போக வேணாம்னு நாமளே சொல்லித்தான் வளத்தோம்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம், பினாங்குக்காரன் கடிதத்துல சாப்பாடு இல்லேன்னா எப்படி. சீனவங்களோட மீங்கற நூடுல்ஸ எடுத்து நம்ம மாமாக், அதாவது இந்திய முஸ்லிம் கடை மசாலாவும் சிலியும் உருளைக்கிழங்கும் போட்டு பெரட்டினா மீ கோரேங், அது எந்த ஊர் சாப்பாடுனு யாராலயும் சொல்ல முடியாது, இங்க மட்டும்தான் பொறக்க முடியும். நாசி கண்டார் எடுத்துக்குங்க, இந்தியாவுலேர்ந்து வந்த முஸ்லிம் ஆளுங்க ஒரு கம்புல ரெண்டு பக்கமும் சோறும் கறியும் தொங்க விட்டு காவடி மாதிரி தோள்ல தூக்கிட்டு ஹார்பர் கூலிங்களுக்கு வித்தது. வந்தேறி சமைச்சு வந்தேறி தின்னது. அப்படிப்பட்ட இந்த பினாங்குல 2016லேர்ந்து ஒரு ரூல், அங்காடிக் கடையில லக்சா, சார் குவே தியாவ், பசம்பூர் மாதிரி உள்ளூர் சாப்பாட்ட வெளிநாட்டுக்காரன் சமைக்கக்கூடாது. பின்னாடி நாசி கண்டாரையும் அந்த லிஸ்ட்ல சேர்த்தாங்க. ருசி மாறிடும்னு காரணம். மாறாம இருந்திருந்தா நமக்கு மீ கோரேங் எங்கேர்ந்து வந்திருக்கும்?

சரி, அந்த வாசகர் பயப்படற விஷயத்துக்கு வரேன். இந்தப் பசங்க கடைத்தெருவ பிடிச்சுக்குவாங்கனு அவர் பயப்படறார். பிடிக்க முடியாது சார், சட்டமே விடாது. தற்காலிக பெர்மிட்டுல வரவன் பொண்டாட்டி பிள்ளைய கூட்டிட்டு வர முடியாது, இங்க இருக்கிற வரைக்கும் யாரையும் கட்டிக்கவும் முடியாது, பொண்ணுங்க கர்ப்பமானா பெர்மிட் போச்சு, ஊருக்கு டிக்கெட். வருஷா வருஷம் புதுப்பிக்கணும், பொதுவா பத்து வருஷம்தான் உச்சம். இருபது வயசுல வந்து முப்பதுல திரும்பிப் போறவன் மலாய் பேசக் கத்துக்குவான், நம்ம கடையில நாலு தமிழ் வார்த்தையும் கத்துக்குவான், ஹொக்கியன் சீனத்துல திட்டக்கூட கத்துக்குவான், அத்தனையும் அவனோடயே விமானம் ஏறிடும். அவன் இடத்துக்கு இன்னொருத்தன், மறுபடியும் முதல்லேர்ந்து. ஞாயித்துக்கிழமை நம்ம கண்ணுக்கு வெறும் கூட்டமா தெரியுதுன்னா காரணம் அவன் குணம் இல்ல, அவன குடும்பமாவோ பக்கத்து வீட்டுக்காரனாவோ ஆக விடாத ஏற்பாடு. முன்ன வந்த ஒவ்வொரு அலையும் தங்கித்தான் பினாங்கு ஆச்சு. இந்த அலைய மட்டும் கரையிலயே நிக்க வெச்சு திருப்பி அனுப்பறோம், அப்புறம் அவன் நம்மளோட கலக்கலனு குறை.

இது நமக்கு தெரியாத கதையா? 1969 இனக்கலவரத்துக்கு அப்புறம் குடியுரிமை இல்லாதவனுக்கு வேலை பெர்மிட் கட்டாயம்னு கெடுபிடி பண்ணினப்ப, மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திரத்துக்குப் பின்னாடி குடியுரிமைப் பேப்பர் எடுக்காம விட்ட தோட்டத்து ஜனங்க ஆயிரக்கணக்குல மூட்டை கட்டிட்டு அவங்களுக்கே தெரியாத ஊருக்கு கப்பல் ஏறினாங்க. குடியுரிமை கிடைக்காம சிவப்பு ஐசிங்கற அடையாள அட்டையோடயே செத்துப்போன பாட்டிங்க எத்தனை பேர், இங்கயே பொறந்தும் ஐசி இல்லாம பள்ளிக்கூடத்துல அல்லாடற நம்ம பிள்ளைங்க எத்தனை பேர், உங்க பேப்பர்லயே எத்தனை வருஷமா போடறீங்க. அந்த வலி தெரிஞ்ச நாமளே இன்னொருத்தன பாத்து 'பெர்மிட் முடிஞ்சா கிளம்பு'ங்கறோம்.

அவங்க தங்கற ஹாஸ்டல் பத்தியும் ஒண்ணு. ஒரு ஷாப்ஹவுஸ் மாடியில அடைச்சு வெச்சிருக்கிறத எங்க பக்கம் நானே பாத்திருக்கேன், படுக்கை ஷிப்ட் மாத்தி மாத்தி, ஒருத்தன் எழுந்தா ஒருத்தன் படுக்கறான். கோவிட் சமயத்துல அரசாங்கம் அதுக்கு கொண்டாந்து மாட்டினது தொழிலாளர் குடியிருப்பு பத்தின சட்டம் 446. அந்தச் சட்டம் மொதல்ல எதுக்காக இருந்தது தெரியுமா, தோட்டத்து லயங்களுக்கும் சுரங்கத்து குடியிருப்புக்கும். 2019ல திருத்தி மத்த எல்லாத் துறைக்கும் நீட்டினாங்க. லயத்துக்கு போட்ட சட்டத்த ஃபேக்டரி ஹாஸ்டலுக்கு நீட்ட வேண்டி வந்துச்சுன்னா அங்க எப்படி இருந்திருக்கும்னு லயத்துல வளந்தவங்களுக்கு நான் சொல்லணுமா.

இன்னொரு பக்கமும் இருக்கு, மறைக்கல. சம்பளம் ஏறாம இருக்கறதுக்கு இந்த பெர்மிட் முறையும் ஒரு காரணம், முதலாளிய மாத்த முடியாத ஆளு குறைஞ்ச காசுக்கு நிப்பான், அது நம்ம பையனோட சம்பளத்தயும் அமுக்கும். ஆனா அதுல லாபம் பாக்கறது ஏஜென்டும் தவுக்கேங்கற முதலாளியும், ஞாயித்துக்கிழமை ரொட்டி சானாய் திங்க வந்தவன் இல்ல. அப்புறம் நம்ம சங்கங்கள். முடி வெட்டற கடை, நகைக் கடை, துணிக்கடை மூணுக்கும் 2009லேர்ந்து வெளிநாட்டு ஆள் எடுக்கறது நின்னு கிடந்துச்சு. தமிழ்நாட்டுலேர்ந்து ஆள் குடுங்க, இல்லேன்னா கடைய சாத்தணும்னு வருஷக்கணக்கா மனு போட்டோம், 2023ல பிரதமர் அன்வார் அரசாங்கம் 7,500 பேருக்கு சரினு சொன்னப்ப கை தட்டினோம். நம்ம ஊர் ஆள் வந்தா தொழில் காப்பாத்தறது, அடுத்த ஊர் ஆள் வந்தா ஆக்கிரமிப்பு, இது என்ன கணக்கு?

அந்த வாசகர் ஒரு நாள் ஜார்ஜ்டவுன்லயே இருக்கிற பூலாவ் தீக்குஸ் பக்கம் போய் பாக்கட்டும். பர்மாக்காரங்க 1803ல கட்டின தம்மிகாராம விகாரம் இன்னும் அங்க இருக்கு, எதிர்லயே சயாம் கோயில், சுத்தி இருக்கிற ரோட்டுப் பேருங்க ரங்கூன், மண்டலே. பழைய பர்மாக்காரங்க மத்தவங்களோட கலந்து போயிட்டாங்க, ஆனா ஏப்ரல் மாசம் தண்ணி ஊத்தற திருவிழாவுல பாருங்க, ஃபேக்டரி பர்மா பசங்களும் சீனவங்களும் டூரிஸ்டும் ஒருத்தர் மேல ஒருத்தர் வாளியோட. தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை ரோட்டுல சீனவங்க மலை மலையா தேங்கா குவிச்சு தேருக்கு முன்னாடி ஒடைக்கறாங்களே, நம்ம தேருக்கு அவங்க ஏன் ஒடைக்கணும்னு நாம யாராவது கேட்டிருக்கோமா?

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். ஆள் எடுக்கற கோட்டா பத்தி அமைச்சர் சொன்னத அப்படியே போடறீங்க, நல்லது. அதோட அந்த பெர்மிட்டுல என்னென்ன தடை எழுதியிருக்கு, ஏஜென்ட் எவ்வளவு பிடிக்கறான், பத்து வருஷம் வேலை செஞ்சவனுக்கு குடும்பத்த கூட்டிட்டு வர வழி ஏன் வைக்கல, இத எம்.பி.ங்ககிட்ட பேர் போட்டு கேட்டு ஒரு தொடரா போடுங்க. நம்ம இந்திய எம்.பி.ங்ககிட்டயிருந்தே ஆரம்பிக்கலாம்.

இப்படிக்கு,
ஆயர் ஈத்தாம் வாசகன், பினாங்கு