கூழா சிவந்தால் எங்களுக்கும் சொல்லுங்கள்

கல்லோயா தேசியப் பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்கள அதிகாரிகளுக்கு,

வணக்கம். களுவாஞ்சிகுடிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். முறைப்பாடு ஒன்றுமில்லை, ஒரு கோரிக்கைதான். பூங்காவில் கூழா போன்ற மரங்கள் சிவப்பாகத் தளிர்க்கத் தொடங்கியதும் அதை வெளியில் அறிவியுங்கள். தமிழிலும் அறிவியுங்கள்.

கொரியாவில் வேலை செய்த காலத்தில் மனதில் விழுந்த யோசனை இது. அங்கே செப்டெம்பர் பிறந்தால் இலைதான் செய்தி. எந்த மலை எப்போது நிறம் மாறும் என்று வரைபடம் போட்டு வெளியிடுவார்கள். மலையில் ஐந்தில் ஒரு பங்கு மாறினால் தொடக்கம், ஐந்தில் நான்கு பங்கு மாறினால் உச்சம் என்று அதற்கு ஒரு கணக்கும் உண்டு. சொராக்சான் தேசியப் பூங்காவில் செப்டெம்பர் கடைசியில் தொடங்கும். ஒக்டோபர் பாதி தாண்டியதும் உச்சத்துக்கு வரும். 1,708 மீற்றர் உயரச் சிகரத்தில் பிடிக்கிற நிறம், நாளாக நாளாகப் பள்ளத்தாக்குக்கு இறங்கும். பிந்திப் போனவனும் கீழே நின்று பார்த்துவிட்டு வரலாம். தொழிற்சாலையில் லீவு எடுப்பது லேசுப்பட்ட காரியமா? அந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் நாங்கள் நாள் குறித்தோம். சனத்துக்குள் நசுங்கித்தான் ஏறினோம். ஆனாலும் ஓடைக்கரையில் குனிந்து எடுத்த ஒரு மேப்பிள் இலை இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது: விரல் விரலாகப் பிரிந்த இலை முழுக்க இரத்தச் சிவப்பு, நரம்போரம் மட்டும் பச்சை மிச்சம்.

நம் நாட்டில் இலையுதிர்காலம் ஏது என்று கேட்பீர்கள். அங்குள்ள மாதிரி இல்லைதான். குளிர் வரும்போது அந்த மரங்கள் இலையின் பச்சையத்தைச் சிதைத்துச் சத்தை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. மறைந்திருந்த மஞ்சள் அப்போது தெரிகிறது. மேப்பிள் போன்றவை புதிதாகச் சிவப்பும் ஊறவைக்கின்றன. சாகப்போகிற இலையின் நிறம் அது. எங்கள் கூழா மரத்தில் கதை தலைகீழ். வறட்சியில் பழைய இலையைக் கொட்டிவிட்டு, பச்சையம் ஏறுவதற்கு முன்பே செக்கச்செவேலென்று தளிர் விடும். இரண்டு சிவப்பையும் கொடுப்பது ஒரே வகை நிறமிதான். கூழாந்தளிரைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ஈரத்துணி போலத் துவண்டு தொங்கும். வெயில் பின்னாலிருந்து அடித்தால் மரமே பற்றி எரிகிற மாதிரி இருக்கும். கொஞ்ச நாளில் பச்சையாகிவிடும், பிறகு அதுவும் ஒரு சாதாரண மரம்.

அந்தக் கொஞ்ச நாள் எது என்பதுதான் பிரச்சினை. மழை முந்தினாலும் பிந்தினாலும் அது தள்ளிப்போகும், ஆகவே கலண்டரை நம்பிப் பயனில்லை. ஒருமுறை ஒரு சுற்றுலா முகவரிடம் விசாரித்தேன். “எப்ப வந்தாலும் யானை பார்க்கலாம் தம்பி” என்றார். பூங்காவிலுள்ள பெரிய நீர்த்தேக்கமான சேனநாயக்க சமுத்திரத்தில் தீவுக்குத் தீவு யானை நீந்துவதைப் படகிலிருந்து பார்ப்பதற்குக் கொடுத்துவைத்திருக்க வேண்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் 1954இல் தேசியப் பூங்காவான, ஏறக்குறைய 25,900 ஹெக்டேயர் காட்டில் யானை மட்டுமா இருக்கிறது? நில்கலைப் பக்கம் புல்வெளிக்கு நடுவே கடுக்காயும் தான்றியும் நெல்லியும் நிற்கின்றன. அவற்றைப் பார்க்கவென்று யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை.

எந்த மரம் எப்போது தளிர்க்கும் என்பது தினமும் காட்டுக்குள் போய்வரும் உங்கள் உத்தியோகத்தர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? அவர்கள் கண்டதைக் கிழமைக்கு ஒருமுறை மூன்று வரியில் எழுதினால் போதும்: எந்த மரம், எந்தப் பக்கம், தொடக்கமா உச்சமா. இங்கினியாகலை வாசலில் ஒரு பலகையிலும் முகப்புத்தகத்திலும் போடுங்கள். சில வருடம் விடாமல் எழுதிவந்தால், மழைக்கும் தளிருக்கும் உள்ள தொடர்பைச் சொல்லும் ஒரு பதிவேடும் சும்மா கிடைத்துவிடும். ஏப்ரல் வந்தால் நுவரெலியாவுக்கு வேன் பிடிக்கிற எங்கள் சனத்துக்கு, கல்முனை, சம்மாந்துறை, அம்பாறை தாண்டினால் இப்படி ஒரு காடு இருப்பது நினைவுக்கே வருவதில்லை. அந்தச் சமுத்திரத்துத் தண்ணீரில்தான் சம்மாந்துறை வயல் விளைகிறது, பாருங்கள்.

கூட்டம் கூடினால் காடு கெடும் என்பீர்கள். நியாயம்தான், எங்கள் ஆட்களை எனக்கும் தெரியும்: வேனுக்குள் பாட்டுப்பெட்டி, மரத்தடியில் லஞ்ச் ஷீட், புதருக்குள் போத்தல். செல்ஃபிக்கென்று கொப்பை முறிக்கவும் ஒருவன் இருப்பான். கொரியாவில் 2018ஆம் ஆண்டிலிருந்து தேசியப் பூங்காச் சிகரங்களிலும் தங்குமிடங்களிலும் மது குடிக்கத் தடை, பிடித்தால் தண்டம். காட்டுத்தீ அபாயம் உள்ள மாதங்களில் பல நடைபாதைகளையே மூடிவிடுவார்கள். நீங்களும் அப்படி இறுக்கமாகவே இருங்கள், ஒரு நாளைக்கு இத்தனை வாகனம்தான் என்று மட்டுப்படுத்துங்கள். திருப்பி அனுப்பப்படுகிறவர்களில் நானும் ஒருவனாக இருந்தால் கொஞ்சம் முணுமுணுப்பேன், அவ்வளவுதான்.

தமிழில் எழுத ஆள் இல்லை என்றால் அதை ஒரு தடையாக எடுக்க வேண்டாம். சிங்களத்தில் வரும் மூன்று வரியை அன்றைக்கே தமிழாக்கித் தர மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஆசிரியர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், கூலி கேட்கமாட்டார்கள். அடுத்த வறட்சிக்கு முன் பலகையை நட்டுவிட்டால், அந்தத் தளிரிலிருந்தே எழுதத் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
களுவாஞ்சிகுடியிலிருந்து ஒருவன்