கோல சிலாங்கூர் மக்சிக்குக்கு (மலாயில் ‘அத்தை’)

அப்பா வீட்டில்தான் இருக்கிறார். மைலோ குடித்துவிட்டுத் தூங்குகிறார். இன்னும் போன் வந்துகொண்டே இருப்பதால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவுக்குக் கூட்டிப்போன இடத்தில், ஞாபக மறதி உள்ள அப்பா காணாமல் போனதெல்லாம் உங்கள் எல்லோருக்கும் தெரியும், மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை.

இருட்டில் அலையாத்திக் காட்டுக்குள் டார்ச் அடித்துத் தேடிய இயற்கைப் பூங்கா ஊழியர்கள், தண்ணீர் ஏறும் நேரத்திலும் படகை எடுத்த மீனவர்கள், போலீஸ்காரர்கள், செந்தூலிலிருந்து மோட்டாரில் வந்த தம்பிகள், அப்பா படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிய அத்தனை பேருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆனால் இந்த மடல் மக்சிக் உங்களுக்குத்தான். உங்கள் மகள் இதை மலாயில் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

மலாவத்தி குன்றின் அடிவாரத்தில் குரங்குகளுக்குப் போடப் பயத்தங்காய் விற்கும் நீங்கள் கடையைக் கட்டிவிட்டுக் கிளம்பும் நேரத்தில்தான் அப்பா வந்து நின்றிருக்கிறார். முழங்கால் வரை சேறு, ஒரு காலில் சப்பாத்து இல்லை. எங்களுக்குப் போன் போட்டீர்கள், சரி, அதை யாரும் செய்வார்கள். நாங்கள் ஓடி வந்தபோது நீங்கள் தரையில் உட்கார்ந்து, விற்பதற்கு வைத்திருந்த மினரல் வாட்டரை ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து அப்பாவின் கால் விரல் இடுக்கெல்லாம் கழுவிக்கொண்டிருந்தீர்கள். அப்புறம் உங்கள் மகனின் நீலச் சிலிப்பரை மாட்டிவிட்டீர்கள். மகள் நான், அந்தக் காலை இப்படித் தொட்டு எத்தனை வருஷமாச்சு.

அவரிடம் நீங்கள் ஊர், பேர் விசாரிக்கவில்லையாம். இலைக்குரங்குத் தாயின் வயிற்றைப் பிடித்துத் தொங்கிய ஆரஞ்சு நிறக் குட்டியைக் காட்டியிருக்கிறீர்கள். வளர வளர அதுவும் தாயைப் போலச் சாம்பலாகிவிடும் என்று அவர்தான் உங்களுக்குச் சொன்னாராம்! என் பெயரையே மறந்துவிடுகிற மனிதர். சைபீரியாவிலிருந்து செப்டம்பர் வாக்கில் இந்தச் சேற்றுக்கரைக்கு வந்து இறங்கும் உள்ளான் குருவிகளைப் பற்றியும் பேசினாராம். நேரமாச்சு, கரைக்கு மண் போடப் போகணும் என்றாராம்.

அந்தக் கரையை எனக்குத் தெரியும். கடல் தண்ணீர் தென்னந்தோட்டத்துக்குள் ஏறாமல் இருக்கப் போட்ட மண் கரை. கடல் பக்கம் அலையாத்தி, இந்தப் பக்கம் தோட்டமும், தொழிலாளர்கள் குடியிருந்த லயமும். தாத்தா அதில் மண் சுமந்தவர், அப்பா சோறு கொண்டுபோன பையன். 1987-இல் இயற்கைப் பூங்கா வந்தது, அதற்கெல்லாம் ரொம்ப முன்னால் நடந்த வழியில்தான் அன்றைக்கும் நடந்திருக்கிறார். அவரை அங்கே கூட்டிப்போனதற்கு எத்தனையோ பேர் என்னைத் திட்டினார்கள். தனியாக விட்டது என் தப்பு. ஆனால் கூட்டிப்போவதை நிறுத்த மாட்டேன், கையைப் பிடித்துக்கொண்டு போவேன், அவர் சொல்லும் பறவைப் பெயரையெல்லாம் நோட்டில் எழுதி வைப்பேன்.

சிலிப்பரைத் திருப்பித் தர வேண்டாம் என்றீர்கள். கழுவி வாசலில் காய வைத்திருக்கிறேன் மக்சிக். அடுத்த ஞாயிறு முறுக்கோடு வருகிறோம்.