'வார்ம் குளோ' எபெக்ட் நீக்கம், பழைய கோப்புகள் அழிந்தது குறித்துப் புகார்

அனுப்புநர்:
உரிமையாளர்கள், போட்டோ ஸ்டுடியோ,
டவுன் ஹால் ரோடு, மதுரை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
புகைப்பட எடிட்டிங் மென்பொருள் நிறுவனம்.

பொருள்: புதிய பதிப்பு பழைய கோப்புகளைக் கேட்காமல் மாற்றி, அவற்றின் மேலேயே எழுதிவிடுவது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் மென்பொருளின் புதிய பதிப்பில், படத்தில் ஒளியைப் பரப்பி நிறத்தை மாற்றும் 'வார்ம் குளோ' எபெக்டை எடுத்துவிட்டீர்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த எபெக்ட் போட்டுச் சேமித்த பழைய லேயர் கோப்பைத் திறந்தவுடன், ஒரு வார்த்தை கேட்காமல் 'கோல்டன் டோன்' என்ற வேறொன்றாக மாற்றுகிறீர்களே, அதைப் பொறுக்க முடியாது. பத்து நிமிடத்தில் ஆட்டோசேவ் அதே பெயரில் அதே கோப்பின் மேல் எழுதிவிடுகிறது. எபெக்டைக் கூட்டிக் குறைக்க, படம் படமாகப் பார்த்து வைத்த ஸ்லைடர் எண்கள் அதோடு போயின. மூன்று கல்யாண ஆல்பங்கள் இப்படி மாறிவிட்டன.

இந்தப் பக்கம் ஆல்பம் பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று என்று போகும். இரண்டாவது பிரதியைச் சில மாதம் கழித்துக் கேட்பவர்களும் உண்டு. மாலை மாற்றும் படம் ஒரு வீட்டில் ஒரு நிறத்திலும் இன்னொரு வீட்டில் வேறு நிறத்திலும் இருந்தால் யாரைக் கேட்பார்கள்?

"கோல்டன் டோனும் அதே எபெக்ட்தான்" என்று உங்கள் உதவிப் பிரிவு எழுதியது. அதே எபெக்ட் இல்லை. கறுப்புப் பின்னணியில் ஒற்றை வெள்ளைப் புள்ளி வைத்த படத்தை இரண்டு பதிப்புகளிலும் ஓட்டி அளந்தோம். பழையதில் ஒளிப் பரவல் படத்தின் அளவோடு வளர்கிறது. 6,000 பிக்சல் நீளப் படத்தில் பிளர் ஆரம், அதாவது மங்கல் பரவும் தூரம், 36 பிக்சல், 10,800 பிக்சலில் 65. புதியதில் எந்தப் படமானாலும் 20 பிக்சல்தான். 12க்கு 36 இன்ச் ஆல்பம் ஷீட், 300 டிபிஐயில் (இன்ச்சுக்கு 300 புள்ளி) 3,600க்கு 10,800 பிக்சல். அதில் 65 பிக்சல் என்றால் அச்சில் ஐந்தரை மில்லிமீட்டர். 20 பிக்சல் என்றால் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. குத்துவிளக்கைச் சுற்றி விரியவேண்டிய ஒளி, சுடரின் ஓரத்தில் கோடு மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கிறது. திரையில் சிறிதாக்கிப் பார்க்கும்போது இது கண்ணில் படாது. லேபிலிருந்து பிரிண்ட் வந்த பிறகுதான் தெரியும்.

வரிசையும் மாறியிருக்கிறது. பழையது ஒளியைப் பரப்பிவிட்டு நிறத்தை மாற்றியது. புதியது நிறத்தை முதலில் ஏற்றுகிறது. சிவப்பு சேனல் உச்ச அளவான 255ஐ முட்டி நிற்கும்போது, அதன்மேல் படத்தை வெளிச்சமாக்கும் 'ஸ்கிரீன்' கலப்பு விழுவதால், பட்டுச் சேலையின் சரிகை வேலைப்பாடே தெரியாத மஞ்சள் திட்டாகிவிடுகிறது.

புதுப்பிக்காத கணினி ஒன்று எங்களிடம் மிஞ்சியிருந்ததால், எபெக்டை ஓரளவு மீட்டிருக்கிறோம். உங்கள் பொறியாளர்கள் சரிபார்க்கட்டும். நிறத்துக்கு 512க்கு 512 பிக்சல் ஹால்ட் படம் (நிறங்களை வரிசையாக அடுக்கிய சோதனைப் படம்) ஒன்றைப் பழைய எபெக்டில் ஓட்டினோம்; ஒவ்வொரு சேனலிலும் 64 படிகளாக, 2,62,144 நிறங்கள் அதில் இருக்கின்றன. ஒளிப் பரவல், கிரெய்ன் (பிலிம் போன்ற பொடிப்பொடித் தோற்றம்), ஓர இருட்டு ஆகிய மூன்று ஸ்லைடர்களும் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் பக்கத்துப் பிக்சல்கள் கலந்து, முகத்தில் திட்டுத்திட்டாக நிறம் விழும். வந்ததைத் தரம் குறையாத 16 பிட் டிஃப் கோப்பாக எடுத்து, எந்த நிறம் எதுவாக மாறும் என்ற அட்டவணையான கியூப் கோப்பாக மாற்றினோம். ஜேபெக்கில் எடுத்தால் அமுக்கத்தில் நிறங்கள் பிசகி வேலை வீணாகும்.

ஒளிக்கு, படத்தை இன்னொரு லேயராக நகலெடுத்து, நீளப் பக்கத்தில் 0.6 சதவீத ஆரத்துக்குக் காஸியன் பிளர் என்ற மங்கலாக்கல், ஸ்கிரீன் முறையில் 45 சதவீதம். இருண்ட இடங்களை மாஸ்க் (எபெக்ட் விழாமல் மறைக்கும் திரை) போட்டு விலக்க வேண்டும், இல்லாவிட்டால் கோயில் கருங்கல் தூண்கள் சாம்பல் பூத்தது போலாகும். இதற்கு மேல் கியூப் நிறம். கிரெய்ன் கடைசியில், ஷீட் அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான். முன்னாலேயே போட்டுச் சிறிதாக்கினால் கரைந்துவிடும். முன்பு டிஃப்பாக எடுத்து வைத்திருந்த படத்தை மேலே வைத்து, வித்தியாசத்தை மட்டும் காட்டும் டிஃபரன்ஸ் முறையில் பார்த்தால், முழுக் கறுப்பு வந்தால் பொருந்திவிட்டது என்று அர்த்தம். எங்களுக்குச் சுடர் ஓரங்களில் மட்டும் 3 முதல் 5 வரை வித்தியாசம் நிற்கிறது. அந்த மாஸ்க்கின் கர்வ், அதாவது எவ்வளவு இருட்டை எவ்வளவு விலக்குவது என்ற கணக்கு, உங்களிடம்தான் இருக்கிறது.

கனடாப் புகைப்படக்காரர் மைக்கேல் ஆர்ட்டன் 1980களில் கூர்மையான ஸ்லைட் பிலிமையும் மங்கலான ஸ்லைட் பிலிமையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் செய்த வேலையின் வழியில் வந்ததுதான் இந்த எபெக்ட். பழைய கணக்கை ஒரு மூலையில் வைத்திருப்பது உங்களுக்குப் பெரிய சுமை ஆகாது.

"ஜேபெக் நகல் வைத்திருக்க வேண்டியதுதானே" என்றும் எழுதினீர்கள். ஜேபெக்கில் லேயர் கிடையாது. சேனலுக்கு 256 படிகள்தான். பல ஜேபெக்குகள் நான்கு பிக்சலுக்கு ஒரு நிற மதிப்பையே வைத்துக்கொள்கின்றன. சிவப்புச் சுங்குடிச் சேலையின் வெள்ளைப் புள்ளிகளில் ஓரம் கசிவது அதனால்தான். கிளவுட் சிங்க் ஃபோல்டரும் காப்பாற்றாது, கெட்ட கோப்பை அது எல்லாக் கணினிக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். அப்படித்தான் எங்கள் இரண்டாவது நகலும் போனது.

இப்போது கோப்பைத் திறக்குமுன் ரீட்-ஒன்லி ஆக்குகிறோம். லேயர் கோப்போடு, லேயர்களைச் சேர்த்த 16 பிட் டிஃப் ஒன்றும் வைக்கிறோம். அமுக்காமல் வைத்தால் ஷீட்டுக்கு 233 எம்பி. ஸ்லைடர் எண்கள் தனி டெக்ஸ்ட் கோப்பில். கோப்பு மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும் எஸ்எச்ஏ-256 எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒரு ஹார்ட் டிஸ்க்கை வேறு கட்டடத்தில் வைக்கிறோம். ஆல்பத்துக்கு 40 ஷீட் என்றால் டிஃப் மட்டுமே 9 ஜிபி தாண்டுகிறது. கேட்காமல் மேலெழுதும் வேலையை நீங்கள் செய்யாதிருந்தால் இதில் பாதி தேவைப்பட்டிருக்காது.

பழைய கோப்பு எந்தப் பதிப்பில் செய்யப்பட்டதோ அந்தக் கணக்கிலேயே திறக்க வேண்டும். மாற்றுவதானால் கேட்டுவிட்டு, வேறு பெயரில் நகலாகச் சேமிக்க வேண்டும். இது வரும்வரை பழைய பதிப்பின் இன்ஸ்டாலரை எங்கள் சந்தாவிலேயே தாருங்கள். மாஸ்க் கர்வையும் தாருங்கள். மூன்று ஆல்பங்களை மறுபடி எடிட் செய்யும் கூலியும், தப்பாக வந்த ஷீட்டுகளுக்கான லேப் செலவும் உங்கள் பொறுப்பு.

15 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்போம். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர்களையும் அந்தச் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது.

இப்படிக்கு,
ஸ்டுடியோ உரிமையாளர்கள்,
மதுரை.

இணைப்பு: புள்ளிச் சோதனைப் படங்கள், கியூப் கோப்பு, ஒரே ஷீட்டின் பழைய பிரிண்ட், புதிய பிரிண்ட், லேப் ரசீதுகள்.