வேலைக்காரன் இல்லை, அடிமை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் ஞாயிறு இதழில், வேதாகமத்தில் அடிமைத்தனமே கிடையாது, அதில் வருவதெல்லாம் வேலைக்காரர்கள்தான் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். நானும் சபையில் வளர்ந்தவன்தான், தினமும் வேதம் வாசிக்கிறவன்தான், ஆனாலும் அதைச் சும்மா விட்டுவிட மனசு கேட்கவில்லை.

லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். சுற்றிலும் இருக்கிற ஜாதிகளில், அதாவது வேற்று இனத்தாரில், ஆணையும் பெண்ணையும் விலைக்கு வாங்கலாம், பிள்ளைகளுக்குச் சொத்தாகவும் விட்டுப்போகலாம் என்று 44 முதல் 46 வரை அப்பட்டமாக இருக்கிறது. யாத்திராகமம் 21இல், எஜமான் அடித்த அடிமை ஒன்றிரண்டு நாள் உயிரோடு கிடந்துவிட்டால் அடித்தவனுக்குத் தண்டனை இல்லை, ஏனென்றால் அடிமை எஜமானுடைய உடைமையாம். இத்தனை வருஷத்தில் இந்த வசனத்தை வைத்து ஒரு பிரசங்கமும் நான் கேட்டதில்லை. அதே அதிகாரம்தான் மனுஷனைத் திருடி விற்கிறவனைக் கொல்ல வேண்டும் என்றும் சொல்கிறது. தப்பி வந்த அடிமையை எஜமான் கையில் பிடித்துக் கொடுக்காதே என்று உபாகமம் 23 சொல்கிறது. எல்லாம் ஒரே வேதத்தில்தான் இருக்கிறது, நமக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

அந்த வாசகரையும் முழுசாகக் குறை சொல்ல மாட்டேன். எபேசியர் 6:5இல் நம் பழைய மொழிபெயர்ப்பு 'வேலைக்காரரே' என்கிறது, கிரேக்கத்தில் இருப்பதோ அடிமை என்கிற சொல். ரோமர் முதல் வசனத்தில் அப்போஸ்தலன் பவுல் தன்னையே அந்தச் சொல்லால்தான் சொல்கிறார், அங்கே தமிழில் 'ஊழியக்காரன்'. நம் மாவட்டத்துக்காரர் அதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நம் ஊர் திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்த காலத்தில் ஊழியம் என்றால் கூலியில்லாமல் அடித்து வாங்குகிற வேலை. இன்றைக்குச் சபையில் எவ்வளவு சாதாரணமாக அந்தச் சொல்லைச் சொல்கிறோம்!

எங்கள் பாட்டி ரேந்தை, அதாவது லேஸ், பின்னுவாள். மடியில் திண்டு, அதில் குத்தின ஊசிகள், நூல் சுற்றின சின்னச் சின்ன மரக்கட்டைகள் அவள் விரல் போகிற வேகத்துக்கு டக் டக் என்று சத்தம் போடும். மிஷனரி மால்ட்டின் மனைவி நாகர்கோவிலில் சொல்லிக்கொடுத்த தொழில் அது. அதில் கிடைத்த காசைச் சேர்த்து அடிமைப் பெண்கள் சிலர் தங்களுக்குத் தாங்களே விலை கொடுத்து வெளியே வந்தார்கள். பாட்டி அதைச் சொல்லும்போது கை நின்றுவிடும். திருவிதாங்கூரில் அடிமை முறை முழுசாக ஒழிந்ததே 1855இல்தான்.

மறைப்பது நல்லதுக்கு என்று நினைக்கிறவர்களுக்கு இன்னொன்று. 1807இல் லண்டனில் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்றே ஒரு வேதாகமம் அச்சடித்தார்கள். கீழ்ப்படியச் சொல்கிற எபேசியர் வசனம் அதில் உண்டு. எகிப்திலிருந்து ஜனங்கள் புறப்பட்ட கதை இல்லை. 'அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை' என்கிற கலாத்தியர் 3:28உம் இல்லை. மிஷனரி ரிங்கல்தௌபே எங்கள் மயிலாடிக்கு வந்த அதே காலம்தான், 1806.

அப்புறம், பிலேமோனுக்குப் பவுல் எழுதின நிருபம், அதாவது கடிதம். மொத்தமே 25 வசனம். ஒநேசிமு என்கிற அடிமையைப் பவுல் எஜமான் பிலேமோனிடமே திருப்பி அனுப்புகிறார், ஆனால் இனி அடிமையாக அல்ல, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள் என்று எழுதி அனுப்புகிறார். அனுப்பியது சரியா என்று எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. எங்கள் வாலிபர் கூட்டத்தில் இதையும் லேவியராகமம் 25ஐயும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மயிலாடி, கன்னியாகுமரி மாவட்டம்