மழைக்கு முன்னால் ஸ்டோர் ரூமைத் திறந்து பாருங்கள்

காவிரி டெல்டாவின் பல்கலைக்கழக, கல்லூரி நிர்வாகங்களுக்கு,

வணக்கம். ஐப்பசி அடைமழைக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. வாய்க்கால் தூர்வாரியாச்சா என்று ஊரே கேட்கிறது. உங்கள் வேதியியல் துறையின் ஸ்டோர் ரூம் எந்தத் தளத்தில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. தரைத்தளம் என்றால் இந்த மடல் உங்களுக்குத்தான்.

அங்கே மண்ணெண்ணெயில் மூழ்கிய சோடியம் இருக்கும். தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் வெளியேறி, அந்தச் சூட்டிலேயே தீப்பிடிக்கும். அதைத் தண்ணீர் ஊற்றி அணைக்கவும் முடியாது, உலர்ந்த மணல் வேண்டும். வெள்ளம் புகுந்த கட்டடத்தில் உலர்ந்த மணலுக்கு எங்கே போவது? என்றோ திறந்து, பாதியில் மூடி வைத்த ஈதர் (எளிதில் தீப்பற்றும் கரைப்பான்) பாட்டிலில், காற்று பட்டு உருவாகும் பெராக்சைடு என்ற வெடிபொருள் சேர்ந்திருந்தால் மூடியைத் திருகும்போதே வெடிக்கலாம். தேடுவதற்கு வசதி என்று அகரவரிசையில் அடுக்கினால் அசிட்டிக் அமிலமும் அம்மோனியம் நைட்ரேட்டும் ஒரே தட்டுக்கு வந்துவிடும். எதோடு எது சேரக்கூடாது என்று பார்த்துத்தான் பிரித்து வைக்க வேண்டும்.

அப்புறம் சிங்க். செய்முறை வகுப்பு முடிந்ததும் டைக்ரோமேட் கரைசலை அதில்தான் கொட்டுகிறார்கள். அதில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோயை உண்டாக்கும். டெல்டாவில் ஒரு வயலின் வடிகால் அடுத்த வயலுக்குப் பாசனம். நீங்கள் கொட்டுவது யாருடைய நாற்றங்காலுக்குப் போகிறது என்று யோசித்துப் பாருங்கள். இப்படிப்பட்ட கழிவைச் சேர்த்து வைத்து, உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படைக்க 2016இல் வந்த தனி விதிகளே இருக்கின்றன.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைத் தீயில் பறிகொடுத்த பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற உத்தரவு வந்தது. கல்லூரிகளிலும் அப்படி ஒரு நாளுக்காகக் காத்திருக்க வேண்டுமா?

நான் கேட்பது பெரிய கட்டடம் இல்லை. ஒவ்வொரு துறையிலும் ஒருவரைப் பொறுப்பாளராக்குங்கள். ஆபத்து என்று பட்டால் ஆய்வகத்தைப் பூட்டும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும், கல்லூரி முதல்வரே சொன்னாலும் திறக்காத அளவுக்கு. அதிகாரம் இல்லாத பாதுகாப்புக் குழு வெறும் காகிதக் குழுதான். சோடியத்தையும் ஈதரையும் இந்த மாதமே கணக்கெடுங்கள். வேண்டியதை மாடிக்கு ஏற்றுங்கள், வேண்டாததைத் தக்கவர்களிடம் ஒப்படையுங்கள்.

கணக்கெடுக்கும்போது ஆய்வக உதவியாளர்களைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். கையுறைகூட இல்லாமல் அந்தப் பாட்டில்களைத் தினமும் தூக்குகிறவர்கள் அவர்கள்தான். முதலில் அவர்களுக்குக் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் வாங்கிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
டெல்டாவில் வேதியியல் கற்பித்த ஓர் ஆசிரியர்