432 கோடியும் 454 கோடியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பூமியின் வயது பற்றி உங்கள் ஞாயிறு பதிப்பில் வரும் கடிதங்களைத் தொடர்ந்து படிக்கிறேன். பைபிள் கணக்குப்படி ஆறாயிரம் ஆண்டுதான் என்கிறார் ஒருவர். பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு, விஞ்ஞானம் சொல்வது 454 கோடி, ஆகவே நம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டார்கள் என்கிறார் இன்னொருவர்.

இந்த இரண்டாவது பேச்சுதான் எனக்குப் பெரிய கவலை. நான் டியூஷன் சொல்லிக்கொடுக்கும் படிவம் நான்கு பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு இதையே பாடம் என்று நம்புகிறார்கள். சரி, புராணக் கணக்கையே பார்ப்போம். 432 கோடி என்பது ஒரு கல்பத்தின், அதாவது பிரம்மாவின் ஒரு பகலின், முழு நீளம். இப்போது நடப்பது அதில் ஏழாவது மன்வந்தரம் (கல்பத்தின் பெரும் பிரிவு), அதற்குள் 28ஆவது சதுர்யுகம் (நான்கு யுகங்கள் சேர்ந்த சுற்று). கழிந்தது சுமார் 197 கோடி ஆண்டு. பிரம்மாவுக்கு இன்னும் உச்சிவேளைகூட ஆகவில்லை! இதை 454 கோடியோடு எப்படிப் பொருத்துவது? புராணம் சொல்லாததை அதன் தலையில் கட்டுகிறோம்.

ஆறாயிரம் ஆண்டும் பைபிளில் அப்படியே எழுதியிருக்கும் எண் அல்ல. அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் வம்ச வரலாறுகளைக் கூட்டிப் பார்த்து, படைப்பு நடந்தது கி.மு. 4004இல் என்று 1650இல் வெளியிட்டார். எல்லாக் கிறிஸ்தவர்களும் அதை ஏற்பதில்லை. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இல் எழுதிய ஜார்ஜ் லெமேத்ர் கத்தோலிக்கப் பாதிரியார்.

454 கோடி வந்த வழி வேறு. சிர்கான் என்ற சிறு படிகம் உருவாகும்போது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை அநேகமாக உள்ளே விடாது. யுரேனியத்தின் ஒரு வகையான யுரேனியம் 238 தானாகச் சிதைந்து பாதியாக 447 கோடி ஆண்டு ஆகும், சிதைந்து கடைசியில் ஈயமாகும். ஆகவே உள்ளே இருக்கும் ஈயத்தையும் மிஞ்சிய யுரேனியத்தையும் அளந்து ஒப்பிட்டால் படிகத்தின் வயது தெரிந்துவிடும். மேற்கு ஆஸ்திரேலியாவில் கிடைத்த சிர்கானுக்குச் சுமார் 440 கோடி வயது; பூமி அதற்கும் மூத்தது. அமெரிக்க விஞ்ஞானி கிளேர் பேட்டர்சன் 1956இல், பூமி உருவான காலத்திலேயே உருவான விண்கற்களின் ஈயத்தை அளந்து பூமிக்கு 455 கோடி என்றார். அப்புறம் வந்த அளவீடுகளும் அதை ஒட்டியே நிற்கின்றன.

தைப்பூசத்துக்கு நாம் 272 படி ஏறும் பத்துமலையே சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்புதான். இது தெரிந்ததால் முருகன்மேல் எனக்குள்ள பக்தி இம்மியும் குறையவில்லை. படைப்பு எங்கிருந்து வந்தது, யாருக்குத் தெரியும் என்று ரிக் வேதத்தின் நாசதீய சூக்தமே கேட்கிறது. அப்படிக் கேட்கத் துணிந்த மரபுக்கு ஆய்வுக்கூடத்தின் முத்திரை எதற்கு?

மலாயாப் பல்கலைக்கழகத்தில் நிலவியல் துறை இருக்கிறது. அங்குள்ள ஒருவரிடம், பத்துமலைப் பாறையை எடுத்துக்காட்டாக வைத்தே, பாறையின் வயதை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று எழுதி வாங்கி உங்கள் மாணவர் பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன். தேர்வுக்கு முன்பே வந்தால் பிள்ளைகளுக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செந்தூல், கோலாலம்பூர்