பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு

தண்டையார்பேட்டையில் எங்கள் குடியிருப்பில் இருப்பவர்களுக்கும், எம்.சி. ரோட்டில் என்னோடு தையல் தொழில் செய்பவர்களுக்கும், மாநகராட்சி சுகாதார நிலையத்து சிஸ்டர்களுக்கும் வணக்கம்.

போன வாரம் கடைசிச் சளிப் பரிசோதனை முடிந்தது. கிருமி இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு வந்தது டிபி, அதாவது காசநோய். இத்தனை நாளும் பலரிடம் 'நெஞ்சு சளி' என்றுதான் சொல்லி வந்தேன். நன்றி சொல்லும்போது எதற்கு உதவினார்கள் என்பதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்?

இருமல் ஆரம்பித்தபோது துணித் தூசி என்றே நினைத்தேன். ஒரு தனியார் கிளினிக்கில் இரண்டு மாதம் டானிக் வாங்கிக் குடித்ததுதான் மிச்சம். சளியைப் பார்க்க வேண்டும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரி வேர்வையில் தலையணை நனைந்துவிடும். எடை 38 கிலோவுக்கு வந்துவிட்டது. மிஷினை மிதிக்கக் காலில் தெம்பு இல்லை. அப்போதுதான் ஆட்டோ அண்ணன், "ரெண்டு வாரத்துக்கு மேல இருமுனா சளி டெஸ்ட் எடுக்கணும், ஏறும்மா" என்று ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். மத்தியானம் வரை சவாரி எடுக்காமல் வாசலிலேயே நின்றிருந்தார். அண்ணா, அன்றைக்கு நீங்கள் விட்ட சவாரிக் காசுக்கு நான் என்ன ஈடு செய்ய முடியும்?

மாத்திரை தொடங்கிய அன்று சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. ரத்தம் என்று பதறி சிஸ்டருக்கு போன் செய்தேன். "அது மாத்திரையோட கலரும்மா. அந்தக் கலர் வரலன்னாதான் நான் உன்னைத் திட்டணும்" என்றார். தினமும் காலையில் மூன்று மாத்திரை. இரண்டாவது மாதம் காய்ச்சல் நின்றது, ஆனால் மாத்திரையைப் பார்த்தாலே குமட்டியது. உடம்புதான் தேறிவிட்டதே, நிறுத்திவிடலாம் என்று நினைத்த நேரத்தில் சிஸ்டர் மூன்று மாடி ஏறி வந்தார். பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடும் என்று பொறுமையாக விளக்கினார். இந்தப் பத்துக்குப் பத்து அறையில் இருந்தால் குணமாகுமா, தாம்பரம் சானடோரியத்துக்கு, அந்த டிபி ஆஸ்பத்திரிக்கு, போய்த் தங்க வேண்டுமா என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னதை என்னைப் போன்றவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1956-இல் இதே சென்னையில்தான் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்களாம். பாதிப் பேர் சானடோரியத்தில், பாதிப் பேர் தங்கள் நெரிசலான வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்டார்கள். 1959-இல் முடிவு வந்தபோது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் குணமாகியிருந்தது. வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. எங்களைப் போன்ற ஏழைகளை வைத்து, எங்கள் ஊரிலேயே கண்டுபிடித்த விஷயம். அதைக் கேட்ட பிறகு நான் ஒரு வேளை மாத்திரைகூடத் தவறவிடவில்லை.

சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது. முட்டையும் கடலையும் அதில்தான் வாங்கினோம்.

அப்புறம், எங்கள் மீன்கார ஆயா. நோய் தெரிந்த நாளிலிருந்து என் தட்டையும் டம்ளரையும் நானே தனியாக எடுத்து ஜன்னல் ஓரம் வைத்துவிட்டேன். ஒருநாள் காசிமேட்டிலிருந்து வந்த கையோடு நெத்திலிக் குழம்பு கொண்டு வந்த ஆயா, அந்த டம்ளரையே எடுத்து, "இதுல எனக்குக் கொஞ்சம் டீ ஊத்துடி" என்று தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். வேண்டாம் ஆயா என்று அழுதேன். "காத்துலதான் வரும், டம்ளர்ல வராதுன்னு அந்த நர்ஸம்மா சொன்னாங்களே, எனக்குக் காது கேக்கும்" என்றபடி குடித்து முடித்தார். மாதக் கணக்கில் என் வீட்டுக்குள் யாரும் உட்காராமல் இருந்த நேரம் அது. ஆயா, அந்த டீயை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

ஆவணி முகூர்த்தத்துக்கு வாங்கி வைத்திருந்த 14 ரவிக்கைகளை வெட்டியதோடு நான் படுத்துவிட்டேன். எதிர்க்கடை அக்கா எல்லாவற்றையும் தைத்துக் கொடுத்து, பாதிக் கூலியைக் கொண்டு வந்து வைத்தார். "கட்டிங் உன்னுது. அதுதானே வேலை" என்றார். அதோடு, ஒரு வாடிக்கைக்காரரைக்கூடத் தன் பக்கம் இழுக்கவில்லை.

ஒன்றில் மட்டும் எனக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது. எக்ஸ்ரே எடுத்து ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் என் மகனைச் சிலர் விளையாட்டில் சேர்க்கவில்லை. முனையில் கேரம் ஆடும் தம்பிகள்தான் அவனைக் கூப்பிட்டு, ஸ்ட்ரைக்கரைக் கையில் கொடுத்தார்கள். ரொம்ப நன்றி, தம்பிகளா. அன்று இரவுதான் அவன் வயிறாரச் சாப்பிட்டான்.

இப்போது எடை 46 கிலோ. மிஷினை ஜன்னலை ஒட்டிப் போட்டிருக்கிறேன், காற்று வர வேண்டும் என்று சிஸ்டர் சொன்னபடி. திங்கட்கிழமை முதல் வேலை தொடங்குகிறேன். ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது, என் மகன்தான் இதைப் படித்துக் காட்டுவான். ஆயா, உங்கள் அளவு ரவிக்கை என்னிடமே இருக்கிறது. மாம்பழ மஞ்சளில் துணி எடுத்து வைத்திருக்கிறேன். முதலில் வெட்டப் போவது அதைத்தான்.